மதாம் சொன்ன எசான்ஸ்

ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஒன்று மறந்தால் இன்னொன்றைச் சொல்லிச் சமாளித்துவிடலாம். இரண்டு பொருளுக்கு ஒரே பெயர் இருக்கிற ஊரில்தான் மனிதன் ஜாக்கிரதையாக வாழ வேண்டும். எங்கள் புதுச்சேரி அப்படிப்பட்ட ஊர். இங்கே சில வீடுகளில் தமிழ் பேசுவார்கள், சில வீடுகளில் பிரெஞ்சு கலந்த தமிழ் பேசுவார்கள். என்னைப் போன்றவர்கள் தமிழ் மட்டும் பேசிக்கொண்டு, பிரெஞ்சும் தெரிந்தது போல முகத்தை வைத்துக்கொள்வோம். மூன்றாவது வகைதான் ரொம்ப ஆபத்து.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. மிஷன் வீதிப் பக்கம் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ஆர்ட்டிஸ்ட்டாகச் சேர்ந்திருந்தேன். ('சேர்ந்திருந்தேன்' என்பது நான் ஊரில் சொல்லிக்கொண்டது. "கொஞ்ச நாள் வந்துட்டுப் போ, பாக்கலாம்" என்பதுதான் முதலாளி சொன்னது.) பெரிதாக்கிய படங்களில் அம்மைத் தழும்பை மறைப்பது, சொட்டைத் தலையில் முடி நடுவது, கோட்டு போடாமலே செத்துப்போனவர்களுக்குக் கோட்டு மாட்டிவிடுவது இதெல்லாம் என் வேலை.

அப்பாவுக்கு முதலியார்பேட்டையில் மில் வேலை. எனக்கும் அங்கேயே ஓர் இடம் பிடிக்க மேஸ்திரியிடம் சொல்லி வைத்திருந்தார். "செத்தவனுக்கு டை கட்டுறதெல்லாம் ஒரு வேலையாடா? ஒன் மொதலாளி நிக்க சொல்றானா, போவ சொல்றானான்னு கேட்டுக்கினு வா" என்று தினமும் பிடுங்குவார். எனக்கோ மில் என்றாலே குலை நடுங்கும். ஒரு தடவை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய் நூல் ஓடும் கூடத்தின் இரைச்சலில் கொஞ்ச நேரம் நின்றேன். அன்று முழுக்க யார் என்ன கேட்டாலும் "ஆங்? ஆங்?" என்று கேட்டுக்கொண்டே திரிந்தேன். ஸ்டூடியோ என்னை வைத்துக்கொண்டால் பிழைத்தேன். இல்லையென்றால் வாழ்நாள் முழுக்க "ஆங்?"தான்.

ஸ்டூடியோ முதலாளி கப்ரியேல் அண்ணனுக்குப் பாரீஸில் ஒரு மச்சான் இருந்தார். அவர் ஒரு ஏர் பிரஷ் அனுப்பியிருந்தார். பேனா அளவுக்கு இருக்கும். மேலே ஒரு குட்டிக் கிண்ணத்தில் சாயத்தை ஊற்றி, பின்னால் குழாயில் காற்றைக் கொடுத்து, பித்தானை அழுத்தினால் சாயம் புகையாகத் தூவும். காற்றுக்கு மெஷினெல்லாம் கிடையாது. ஒரு பழைய லாரி டியூபில் சைக்கிள் பம்பால் காற்றடித்து, அதன் மேல் நானே உட்கார்ந்துகொண்டு வரைவேன். (அழுத்தம் போதாவிட்டால் கொஞ்சம் குதிக்க வேண்டும்.) பிரஷ்ஷை வெல்வெட் பெட்டியில் பூட்டி வைத்திருந்த கப்ரியேல் அண்ணன், அதை என் கையில் கொடுக்கும்போதெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்வார். "இது போச்சுன்னா மெட்ராஸ்லயே ஸ்பேர் கெடையாது, தெரியுமில்ல?"

"தெரியும்ணே" என்பேன். அந்தக் காலத்தில் என் வாயில் அதிகம் வந்த சொல் 'தெரியும்'.

அந்த வாரம் ஸ்டூடியோவுக்கு மதாம் தெரேஸ் வந்தார். அவர் வீட்டுக்காரர் ஒரு சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்சன் வாங்கியவர். போன வருஷம் தவறிப்போனார். வரும் ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முதல் வருஷப் பூசை. பூசை முடிந்து சாமியார் வீட்டுக்கு வந்து படத்தை மந்திரிப்பார், சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள், அதற்குள் படம் வேண்டும். ஆனால் முசியே என்று எல்லோரும் சொல்லும் அந்த வீட்டுக்காரரின் ஒரே புகைப்படம் சைகோனில் எடுத்தது. அதில் அவர் பனியனோடு, கையில் கிளாஸோடு, பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

"கிளாஸ எடுத்துடு. கோட்டு போட்டுடு. பின்னாடி மேகம் வையி. பாத்தா மோட்சத்துக்குப் போனவரு மாதிரி இருக்கணும்" என்றார் மதாம். பிறகு என்னைப் பார்த்து, "கேட்டுச்சா, சவியே?" என்றார்.

நான் 'சவமே' என்று காதில் வாங்கி முகம் சுருங்கிப்போனேன். என் பெயர் சேவியரைத்தான் பிரெஞ்சில் அப்படிக் கூப்பிடுகிறார் என்று கப்ரியேல் அண்ணன் பிறகு விளக்கினார். அதையும் "தெரியும்ணே" என்றேன்.

மதாம் போனதும் அண்ணன் என்னை உட்கார வைத்துச் சொன்னார். "நான் ஒரு கல்யாணத்துக்கு காரைக்கால் போறேன். சனிக்கிழமதான் வருவேன். இத ஏர் பிரஷ்ல நீயே பண்ணு. ஞாயித்துக்கிழம அந்தம்மா வாயில 'நல்லாருக்கு'ன்னு ஒரு வார்த்த வந்துச்சுன்னா நீ இங்க பர்மனன்ட்டு. வரலன்னா உங்கப்பா பேச்ச கேட்டுக்க."

முதல் நாள் கோட்டு பிரமாதமாக வந்தது. மடிப்பு, காலர், பித்தான் எல்லாம். சந்தோஷத்தில் பிரஷ்ஷை அப்படியே வெல்வெட் பெட்டியில் படுக்கவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலையில் பித்தானை அழுத்தினால் காற்று மட்டும் 'புஸ்' என்றது. சாயம் உள்ளே காய்ந்து கல்லாகிவிட்டது. டியூப் மேல் ஏறிக் குதித்தேன். 'புஸ்' கொஞ்சம் பெரிதாக வந்தது. மேகம் வரவில்லை.

மெட்ராஸிலேயே ஸ்பேர் கிடையாது. பெட்டிக்குள் ஒரு தாள் மடித்திருந்தது. முழுக்க பிரெஞ்சு. ஆனால் படம் போட்டிருந்தது. மூடி போட்ட கண்ணாடிக் குடுவை, மூடியில் ஓட்டை, அந்த ஓட்டைக்குள் பிரஷ்ஷின் மூக்கு, பக்கத்தில் காற்று வெளியே போக ஒரு குழாய். கழுவுகிற சாமான் அது என்று புரிந்தது. அதை மச்சான் அனுப்பவில்லை. நாமே செய்துகொண்டால் என்ன என்று தோன்றியது. (என் வாழ்க்கையின் பெரும்பாலான கஷ்டங்கள் இந்த 'என்ன'வில் தொடங்கியவை.)

வீட்டுக்கு ஓடினேன். எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைக் கிண்ணத்தில் கவிழ்த்துக் காலி செய்தேன். மூடியில் ஆணியடித்து இரண்டு ஓட்டை போட்டேன். பிரஷ்ஷின் மூக்கு ஆடாமல் நிற்க, அப்பாவின் பழைய ரப்பர் செருப்பில் ஒரு வட்டம் வெட்டி மூடியில் செருகினேன். பக்கத்து வீட்டில் ஆஸ்பத்திரி சலைன் டியூபைக் கொடிக் கயிறாகக் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு சாண் கேட்டு வாங்கி இரண்டாவது ஓட்டையில் சொருகி, நுனியில் அப்பா மில்லிலிருந்து கொண்டுவரும் கழிவுப் பஞ்சை அடைத்தேன். குத்த ஸ்டவ் பின், தேய்க்க தேய்ந்த டூத் பிரஷ், உள்ளே விட்டுச் சுழற்ற ஒரு கோழி இறகு. அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஊறுகா பாட்டில்ல என்னாடா பண்ணப் போற?"

"பாரீஸ் சாமான்மா. ஒனக்கு புரியாது."

"ஊறுகா எனக்குப் புரியும். எறும்பு வரதுக்குள்ள அந்தக் கிண்ணத்த மூடி வையி."

அந்த ஒரு வாக்கியத்தை நான் காதில் வாங்கியிருக்கலாம்.

சாமான் தயார். அதைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்குத் திரும்பினேன். உள்ளே என்ன ஊற்றுவது? தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், அசையவில்லை. அப்போதுதான் படம் எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க மதாம் குடையோடு உள்ளே வந்தார். பிரஷ் அடைத்துக்கொண்டதைச் சொன்னால் அது நேராக அண்ணன் காதுக்குப் போகும். அதனால் சும்மா பொழுதுபோகக் கேட்பது போலத் தாளை நீட்டினேன்.

"மதாம், இதுல கழுவறதப் பத்தி என்னா போட்டிருக்குது? எனக்குத் தெரியும். சரியான்னு பாக்கத்தான்."

மதாம் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "எசான்ஸ் போட்டுக் கழுவணுமாம். அப்பத்தான் அடைப்பு போவுமாம்."

"எசன்ஸா?"

"ஆமாம்பா, எசான்ஸ்."

"எந்த எசன்ஸ் மதாம்?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த எசான்ஸா? வண்டிக்காரங்க வெச்சிருப்பாங்களே, அதுதான். எவனாச்சும் வண்டி வெச்சிருக்கறவன்கிட்ட போயி ஒரு பாட்டில்ல கேளு, குடுப்பான்."

"ஓ, அதா. தெரியும் மதாம்."

எனக்குத் தெரிந்து எசன்ஸ் வைத்திருக்கும் வண்டிக்காரர் ஒருவர்தான். கடற்கரைக்குப் போகிற வழியில் தள்ளுவண்டியில் சர்பத் விற்பவர். போய் நின்றேன்.

"அண்ணே, ஒரு பாட்டில் எசன்ஸ் குடுண்ணே."

"ரோஸா, நன்னாரியா, பைனாப்பிளா?"

"இரும்பு கழுவறதுக்கு எது நல்லதுண்ணே?"

அவர் எலுமிச்சம்பழத்தைப் பிழிவதை நிறுத்தினார். "இன்னாபா கேக்கற?"

"பாரீஸ் சாமான்ணே. எசன்ஸ்லதான் கழுவணும்னு அவங்களே எழுதியிருக்காங்க."

பாட்டில் வரிசையை ஒரு பார்வை பார்த்தார். "அப்போ ரோஸ் எடுத்துக்கினு போ. அவங்களுக்கு வாசனன்னா புடிக்கும்" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ரோஸ் எசன்ஸ் என்று அவர் கொடுத்தது பாகு. சிவப்பாக, கெட்டியாக இருந்தது. பிரஷ்ஷை அதில் மூழ்கவைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலையில் எடுத்து, ஸ்டவ் பின்னால் குத்தி, இறகைச் சுழற்றி, ஊறுகாய் பாட்டிலுக்குள் மூக்கை நுழைத்துப் பித்தானை அழுத்தினேன். சலசலவென்று தூவியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. (அவ்வளவு நேரம் ஊறவைத்தால் பச்சைத் தண்ணீரிலேயே அது கரைந்திருக்கும் என்று யாரும் என்னிடம் அப்போது சொல்லவில்லை.) ஒவ்வொரு மேகத்துக்கும் நடுவே ஒரு முறை எசன்ஸில் கழுவினேன். கழுவிய மிச்சம் சாயத்தோடு சேர்ந்து படத்தின் மேலேயும் போனது. மேகங்கள் லேசாக ரோஜா நிறத்தில் விடிந்தன. அழகாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை கப்ரியேல் அண்ணன் வந்து படத்தின் முன்னால் நின்றார். "டேய், என்னாடா இப்பிடி பளபளன்னு இருக்கு? வார்னிஷ் அடிச்சியா?"

"பாரீஸ் மொறண்ணே."

ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். விரல் ஒட்டிக்கொண்டு, 'டப்' என்று சத்தத்தோடு வந்தது. "இன்னும் காயலியே?"

"காஞ்சிடும்ணே" என்றேன். எசன்ஸ் என்றால் காற்றில் பறந்துவிடும் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊர்க் கடல் காற்றில் சர்க்கரை காய்ந்ததாகச் சரித்திரமே இல்லை. மின்விசிறிக்கு அடியில் வைத்தேன், வெயிலில் வைத்தேன், ஊதிக்கூடப் பார்த்தேன். கண்ணாடி போட்டால் படத்தோடு ஒட்டிவிடும் என்று கடைசியில் வெறும் சட்டம் மட்டும் அடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை மதாம் வீட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. நடுவில் ஒரு மேசை, வெள்ளைத் துணி, இரண்டு மெழுகுவர்த்தி, படத்துக்கு மல்லிகை மாலை. பக்கத்து மேசையில் கேக்கும் வாழைப்பழமும். சாமியார் இன்னும் வரவில்லை. நானும் கப்ரியேல் அண்ணனும் சுவரோரம் நின்றோம். மதாம் படத்தின் முன்னால் போய் நின்று, "கண்ணாடிய எங்க வெச்சேன்னு தெரியல. சாமியார் மந்திரிக்கட்டும், அப்புறம் நல்லா பாக்கறேன்" என்று போய்விட்டார். 'நல்லா' வரை வந்த வார்த்தை 'நல்லாருக்கு' ஆகாமல் நின்றுவிட்டது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

அப்போதுதான் முதல் எறும்பைப் பார்த்தேன். முசியேவின் டை வழியாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. பக்தியோடு போவது போலப் போய், மாலையைச் சரிசெய்வது போல அதைத் தட்டிவிட்டேன். திரும்பி வந்து நிற்பதற்குள் காலரில் நான்கைந்து. மறுபடி போய் மாலையைச் சரிசெய்தேன். மூன்றாவது தடவை போனபோது மதாமின் நாத்தனார் கண்கலங்கி, "புள்ளைக்கு அவரு மேல எவ்ளோ பாசம் பாரு" என்றார். நான் அவரை உயிரோடு பார்த்ததே கிடையாது.

எறும்புகளுக்கு எல்லா இடத்தையும் விட மூக்குக்குக் கீழேதான் பிடித்திருந்தது. அங்கே மீசையைத் திருத்தத்தான் நான் அதிக நேரம் தூவியிருந்தேன். சாமியார் வந்து ஜெபத்தை ஆரம்பித்தபோது முசியேவுக்கு இருந்தது மெல்லிய மீசை. பாதி ஜெபத்தில் அது முறுக்கு மீசையாகிவிட்டது. பின்னால் இரண்டு பெண்கள் கிசுகிசுத்தார்கள்.

"மாமாவுக்கு இவ்ளோ பெரிய மீசையா இருந்துச்சு?"

"பட்டாளத்துல இருந்தப்போ வெச்சிருந்திருப்பாரு."

"அது காது வரைக்கும் போவுதுக்கா."

கப்ரியேல் அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார். பிடித்தார் என்றால், எலும்பு வரை. "சேவியரு" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு, "மீச நடக்குதுடா."

நான் மனதுக்குள் எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டேன். சாமியார் கண்ணை மூடியிருக்கிற வரைக்கும் பயமில்லை என்று ஒரு சின்ன நம்பிக்கை. அவர் கண்ணைத் திறந்தார். தீர்த்தத்தை எடுத்தார். படத்தின் மேல் தெளித்தார்.

தண்ணீர் பட்ட இடமெல்லாம் பாகு இளகியது. நெற்றியிலிருந்து, கன்னத்திலிருந்து, இரண்டு கண்களிலிருந்தும் ரோஜா நிறத்தில் கோடு கோடாக இறங்கியது. மீசை கலைந்து நாலாபக்கமும் ஓடியது. கூடம் முழுக்க ரோஸ்மில்க் வாசனை. ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டு மண்டியிட்டாள். சாமியார் கையில் தீர்த்தத்தோடு அப்படியே நின்றார். எனக்கு மில்லின் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது.

மதாம் தெரேஸ் மெதுவாக வந்தார். இப்போது கண்ணாடி கிடைத்துவிட்டிருந்தது. வீட்டுக்காரரின் கன்னத்தை விரலால் தொட்டார். மோந்து பார்த்தார். பிறகு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"சர்பத்து" என்றார். "சவியே, இங்க வா. என்னா போட்ட இதுல?"

"நீங்க சொன்னதுதான் மதாம். எசன்ஸ். வண்டிக்காரர்கிட்ட வாங்கினேன். ரோஸ்."

மதாம் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "எந்த வண்டி?"

"சர்பத் வண்டி."

"மொன் தியே, என் ஆண்டவரே" என்று நெற்றியில் கைவைத்தார். "எசான்ஸ்னா பெட்ரோலுடா. பிரெஞ்சுல பெட்ரோலுக்கு எசான்ஸ்னுதான் பேரு. ஸ்கூட்டர் வண்டிக்காரன நெனச்சுத்தான் சொன்னேன். தெரியும் தெரியும்னியே."

முதலில் சிரித்தது சாமியார்தான். இருமல் போல மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக. நானும் அண்ணனும் மட்டும் சிரிக்கவில்லை. மதாமும் சிரிக்கவில்லை. படத்துக்கு இன்னும் கிட்டே போய் மூச்சை இழுத்து மோந்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். படுபாவி, ஒரு விதவையின் வருஷப் பூசையைக் கெடுத்துவிட்டேனே என்று அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அவர் திரும்பினார். கண்ணில் தண்ணீர் இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். "முப்பது வருஷம் இந்த மனுஷன் கூட குடித்தனம் பண்ணேன். எப்பக் கிட்ட போனாலும் ரம்மு நாத்தம். சாராயம் குடிக்காத நாளு ஒண்ணு கெடையாது. இன்னிக்கித்தான் இவரு மேல வாசன வருது." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. எறும்ப மட்டும் தட்டி விடு."

வெளியே வந்து தெருமுனை வரை கப்ரியேல் அண்ணன் முன்னால் விறுவிறுவென்று போனார். என் சைக்கிளை நான் தள்ளிக்கொண்டே பின்னால் நடந்தேன். முனையில் நின்று, "அந்தம்மா வாயில வார்த்த வந்துடுச்சு. நான் என்னா பண்றது" என்றார், ஏதோ பெரிய நஷ்டத்தைத் தாங்கிக்கொள்பவர் போல. "நாளைக்கு வந்து வேற படம் பண்ணு. பிரஷ்ஷ பெட்ரோல்ல கழுவு." அப்படியே கழுவினேன். பெட்ரோலில் செருப்பு ரப்பர் ஊதிக் கொழகொழவென்று ஆகி, பிரஷ் ஊறுகாய் பாட்டிலோடு சிக்கிக்கொண்டது. அது வேறு கதை.

நான் அந்த ஸ்டூடியோவிலேயே இருந்தேன். மில்லுக்குப் போகவில்லை. எனக்குக் கல்யாணமானபோது மதாம் தெரேஸ் மண்டபத்துக்கே வந்து, பெண்ணின் காதில் முழுக்கதையையும் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நல்ல நாள் பெரிய நாளில் எல்லோரும் கூடிச் சாப்பிட உட்கார்ந்தால் இந்தப் பேச்சு வராமல் இலை எடுப்பதில்லை. அவரவர் போன பிறகு மாட்டும் படத்துக்கு எந்த எசன்ஸ் என்று அவரவரே சொல்லி வைத்துவிட்டார்கள். மனைவிக்குப் பைனாப்பிள். மகளுக்கு வெனிலா. புதிதாக வந்த மருமகன்கூட ஒரு தடவை கூச்சத்தோடு, "எனக்கு நன்னாரி, மாமா" என்றார்.

போன கிறிஸ்துமஸுக்கு, என்னை யாருமே கேட்கவில்லையே என்று நானே வாய்விட்டுக் கேட்டேன். "எனக்கு என்னா போடுவீங்க?"

மனைவி இலையிலிருந்து நிமிரக்கூட இல்லை. "ஒங்களுக்கு மதாம் சொன்ன எசான்ஸ்தான்" என்றாள். "மெழுகுவத்திய கொஞ்சம் கிட்டத்துலயே வெக்கறோம்."